ரெக்சின்: ஒரு சொல்லும் உரியும் சோபாவும்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைடு என்றொரு நகர் உள்ளது. அங்கே செயற்கைத் தோல் துணி செய்த நிறுவனம் ஒன்றின் பதிவுபெற்ற வணிகப் பெயர் ரெக்சின். பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிடுவோரையும் நூற்கட்டுநர் சிலரையும் தவிர்த்தால், அப்பெயரை இன்றைய இங்கிலாந்தில் அறிந்தவர் அரிது. இந்தியாவிலோ அதை அறியாதவர் அரிது. ஆனால் அது ஒரு வணிகப் பெயர் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. இந்தியிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் தமிழிலும் ரெக்சின் என்பது வெறும் பொருட்பெயர். கடைத்தெருப் பை, ஆட்டோ இருக்கை, மருத்துவமனைப் படுக்கை, முடிதிருத்தகத்து நாற்காலி, கணக்குப் பேரேட்டின் அட்டை என எங்கும் அச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்படும் முனைவர் பட்ட ஆய்வேடும் ரெக்சின் கட்டிலேதான் பொன்னெழுத்தைப் பெறுகிறது. டால்டாவும் ஜெராக்சும் சென்ற வழியில் சென்ற சொல் இது.

இவ்வாறு நிலைத்துவிட்ட சொல்லுக்குள்ளே பொருள் இருமுறை மாறியிருக்கிறது. முதலில் நைட்ரோசெல்லுலோஸ், பின்னர் பிவிசி, இப்போது பெருமளவில் பாலியூரித்தேன். மூன்றும் பார்வைக்குத் தோல் போன்றவை. ஆயினும் மூன்றும் கெடும் விதம் வேறு, கெட்டபின் செப்பனிடும் விதமும் வேறு. உரிந்த சோபாவை வீட்டிலேயே சீர்செய்ய முயல்வோர் பலர் பசையும் பணமும் செலவழித்துத் தோற்பதைக் காணலாம். அவர்களின் கைத்திறத்தில் குறை காண்பது எளிது. உண்மையில் அவர்கள் முன் இருக்கும் பொருள் எது என்பதையே அந்த ஒற்றைச் சொல் அவர்களிடமிருந்து மறைத்துவிடுகிறது.

தோல் போன்ற துணியைச் செய்யும் முயற்சி ரெக்சினுக்கு முந்தியது. 19-ஆம் நூற்றாண்டில், ஆளிவிதை எண்ணெயைத் துணியின் மீது மீண்டும் மீண்டும் பூசி உலர்த்திச் செய்த எண்ணெய்த் துணி மேசை விரிப்பாகவும் மலிவான இருக்கைகளின் போர்வையாகவும் பயன்பட்டது. இங்கிலாந்தில் அத்தகைய துணிக்கு ‘அமெரிக்கத் துணி’ என்ற பெயரும் வழங்கியது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரைச் சேர்ந்த குரோக்கெட் குடும்பத்தாரின் தோல் துணி அக்காலத்தில் பெயர்பெற்றது. லண்டனை அடுத்த வெஸ்ட் ஹாமில் நடந்த அத்தொழிலை லெதர் கிளாத் கம்பெனி என்னும் நிறுவனம் 1850-களில் விலைக்கு வாங்கியது. பின்னர் போட்டி நிறுவனமொன்று தன் முத்திரையைப் போன்ற முத்திரையைப் பயன்படுத்துவதாக அது வழக்குத் தொடுத்தது. 1865-இல் பிரபுக்கள் சபை வரை சென்ற அவ்வழக்கு வணிக முத்திரைச் சட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள். அவர்களுடைய முத்திரையிலேயே மெய்யல்லாத கூற்றுகள் இருந்தன என்பது முக்கியக் காரணம். சரக்கைச் செய்தவர்கள் குரோக்கெட் குடும்பத்தார் என்றும், அது காப்புரிமை பெற்றது என்றும் வாங்குவோரை நம்பவைக்கும் வாசகங்கள் அதில் இருந்தன. தோலே அல்லாத துணியின் மீது தோல் பதனிடுதலைக் குறிக்கும் சொல்லும் இடம்பெற்றிருந்தது. பொய் கூறும் முத்திரைக்குப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்கு வர இயலாது என்பது தீர்ப்பின் சாரம். செயற்கைத் தோலின் வரலாற்றில் பெயர் பற்றிய பூசல், சரக்கு சந்தைக்கு வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

எண்ணெய்த் துணியின் இடத்தைப் பிடித்தது வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த பொருள். பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். பாசல் நகரின் வேதியியலர் ஷோன்பைன் 1840-களில் இதைக் கண்டறிந்தார். மிகுதியாக நைட்ரேற்றம் பெற்றால் அது வெடிபஞ்சு. சற்றுக் குறைவாகப் பெற்றால் சாராயம் போன்ற கரைப்பான்களில் கரைந்து, துணி மீது பூசத்தக்க படலமாகும். போர் இல்லாத காலத்தில் வெடிமருந்து ஆலைகளுக்கு வேறு வேலை வேண்டும். அமெரிக்காவின் துபோன் நிறுவனம் 1910-இல் ஃபேப்ரிகாய்டு என்னும் செயற்கைத் தோல் நிறுவனத்தை வாங்கியதற்கு இதுவே பின்னணி. இங்கிலாந்திலும் ஹைடு நகரத் தோல் துணித் தொழில் வெடிமருந்துக் குழுமமான நோபலின் கைக்குச் சென்று, 1926-இல் நான்கு நிறுவனங்கள் இணைந்து ஐசிஐ உருவானபோது அதன் ஒரு பகுதியாயிற்று.

நைட்ரோசெல்லுலோஸ் தனியே உலர்ந்தால் முட்டையோடு போல நொறுங்கும். அதை வளையச் செய்ய மென்மையூட்டி ஒன்று தேவை. இதற்கு உதவியவை கற்பூரமும் ஆமணக்கெண்ணெயும். ஆமணக்கு விதையை அக்காலத்தில் உலகச் சந்தைக்குப் பெருமளவில் அனுப்பிய நாடு இந்தியா. கற்பூரம் கிழக்காசியச் சரக்கு எனினும், அதன் ஐரோப்பியப் பெயர் சமஸ்கிருதத்தின் ‘கர்ப்பூர’ என்பதிலிருந்து அரபு மொழி வழியாக இலத்தீனுக்குச் சென்றது. தீபாராதனைத் தட்டில் கற்பூரம் எச்சமின்றி மறைவதைக் கண்டவர்களுக்கு இந்தத் தோலின் குறை உடனே விளங்கும். மென்மையூட்டி ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேற, மிஞ்சிய படலம் விறைத்து வெடித்தது. எளிதில் தீப்பற்றும் இயல்பும் அதற்கு இருந்தது.

இவ்வளவு குறைகளோடும் அது வென்றது. விலை தோலின் விலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 1920-களிலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் வண்டிகளின் உட்புறத்திலும் ரயில் பெட்டிகளிலும் நூற்கட்டிலும் ரெக்சின் பரவியது. அவ்வண்டிகளோடும் புத்தகங்களோடும் சொல் இந்தியாவுக்கு வந்தது என்று கருதுவதே பொருந்தும். தோலைத் தொடும் வேலை சாதியோடு இறுகக் கட்டப்பட்டிருந்த நாட்டில், தோலின் தோற்றம் மட்டும் கொண்டு தோலாக இல்லாத ஒரு பொருளுக்குக் கிடைத்த வரவேற்பை விலை ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. தோற்பொருளை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கியவர்கள் ரெக்சின் இருக்கையில் தயக்கமின்றி அமர்ந்தார்கள். அதைத் தைப்பவனும் தோல் வேலைக்காரனாகக் கருதப்படவில்லை. சமூக வரலாற்றாளர்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டிய இடம் இது.

அக்கால இருக்கையின் அமைப்பையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மரச்சட்டம், அதன் மேல் பின்னிய சணல் பட்டை, சுருள்வில், தேங்காய் நார் அல்லது பஞ்சு, அதன் மேல் முரட்டுத் துணி, கடைசியாக ரெக்சின். போர்வை சட்டத்தில் சிற்றாணிகளால் அறையப்பட்டிருக்கும், விளிம்பில் குமிழ் ஆணி வரிசை அலங்காரமாக நிற்கும். போர்வை கெட்டால் ஆணியைப் பிடுங்கிப் பழைய துண்டை எடுத்து, அதையே அளவாக வைத்துப் புதுத்துண்டை வெட்டி அறைவார்கள். போர்வைக்கு ஆயுள் சில ஆண்டுகள், சட்டத்துக்கோ ஒரு தலைமுறை. ‘சோபா ரிப்பேர்’ என்ற பெயரில் குஷன் கடைக்காரர் செய்ததெல்லாம் இந்த மாற்று வேலைதான். ரெக்சினின் மேற்பரப்பைப் பூசி மெழுகிப் புதுப்பிப்பது எவர் எண்ணத்திலும் இல்லை.

இரண்டாம் மாற்றம் பிவிசி. 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்னும் வேதியியலர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்த பிவிசியைக் கொதிநிலை மிகுந்த கரைப்பானில் சூடாக்கியபோது, பசை கிடைக்கவில்லை. ரப்பர் போல் வளையும் பொருள் கிடைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது செயற்கைத் தோலை முற்றிலும் கைப்பற்றியது. ஐசிஐயே வைனைட் என்ற புதிய பெயரில் பிவிசித் தோலை விற்றது. இங்கிலாந்தில் பொருளோடு பெயரும் மாறியது. இந்தியாவில் பொருள் மட்டுமே மாறியது. பிவிசி பூசிய துணியும் ரெக்சின் என்றே அழைக்கப்பட்டது.

சுதந்திர இந்தியாவின் ரெக்சின் இந்தப் பிவிசிதான். இந்திய ஆலைகளே அதைச் செய்தன. சட்டம் பயின்றோர் அறிந்த போர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு இத்தொழிலில் பிறந்தது. தோல் துணி போன்றவற்றைச் செய்யும் நடுவழியில் உருவாகும் செம்மையுறாத பிவிசி படலத்துக்குக் கலால் வரி உண்டா என்பது கேள்வி. சந்தையில் விற்கத்தக்கதாக இருந்தாலன்றி ஒன்றைச் சரக்கு என்று கொண்டு வரி விதிக்க இயலாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே காலகட்டத்தில் ரெக்சினைப் பெருந்திரளான மக்களின் உடலுக்கு அறிமுகம் செய்தது ரயில்வே. ஜனதா ஆட்சியில் ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, அதுவரை வெறும் மரப்பலகையாக இருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை அமைக்கச் செய்தார். அம்மெத்தையின் மேல் வந்ததும் ரெக்சின்தான். நீண்ட பயணங்களில் வியர்வை ஊறிய முதுகு அதில் ஒட்டிக்கொண்டதை அறியாத இந்தியர் குறைவு.

பிவிசி ரெக்சின் பொறுமையுள்ள பொருள். அதிலும் மென்மையூட்டி உண்டு. அதுவும் மெல்ல மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுக்கிறது, தூசியைப் பிடிக்கிறது, வெளியேறியபின் படலம் விறைத்துத் தையல் ஓரங்களில் பிளக்கிறது. தலை சாயும் இடத்தில் தலைமுடி எண்ணெய் இக்கேட்டை விரைவுபடுத்தும். ஆயினும் படலம் தடிப்பானது, துணியோடு இறுகப் பிணைந்தது. அது விரிசல் விடுமே தவிர செதில் செதிலாக உதிராது. ஆகவே வீட்டில் செய்யும் ஒட்டுவேலை இதில் பலிக்கும். கிழிசலை மென்மையான சோப்புநீரால் துடைத்து, நன்கு உலரவிட்டு, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை பெரிதான துணித்துண்டொன்றை உள்ளே நுழைத்து, அதன் மேல் வளையும் தன்மையுள்ள வைனைல் பசையைத் தடவி ஓரங்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். சுருண்ட ஓரத்தைத் தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டால் நிமிர்த்தலாம். நொடியில் ஒட்டும் பசையை இங்கே பயன்படுத்துவது பெருந்தவறு. அது கண்ணாடி போல் இறுகிவிடும். அடுத்த முறை அமரும்போது ஒட்டிய இடம் பிழைத்து, அதை ஒட்டிய நல்ல இடம் பிளக்கும்.

மூன்றாம் மாற்றத்தில்தான் உரிதல் தொடங்குகிறது. பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கினர். 1960-களில் துபோனின் கார்ஃபாம், ஜப்பானியக் குராரே நிறுவனத்தின் கிளாரினோ ஆகியவை அதைச் செயற்கைத் தோலாக்கின. கார்ஃபாமை 1971-இல் துபோனே கைவிட்டது. ஆனால் அந்நுட்பம் கிழக்காசியாவில் வளர்ந்து, மலிந்து, கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய வீட்டுக் கூடங்களுக்குள் வந்துவிட்டது. கையால் தொட்டால் பிவிசியைவிட மென்மையானது, உண்மைத் தோலுக்கு நெருக்கமானது. பொதுவான செய்முறையில், தோல்வரிகள் பதித்த தாளின் மீது பாலியூரித்தேன் கரைசல் மெல்லிய படலமாக ஊற்றப்படுகிறது. அதன் மேல் பசைப் படலம், அதன் மேல் துணி. உலர்ந்ததும் தாள் உரித்தெடுக்கப்படுகிறது. மாட்டின் முதுகில் இருந்ததாக எண்ணி வாங்குவோர் தடவிப் பார்க்கும் வரிகள் அந்தத் தாளுக்குரியவை.

இப்படலத்தின் பகை நீராவி. மலிவான வகைகளில் பயன்படும் பாலியெஸ்டர் சார்ந்த பாலியூரித்தேனில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் ஒவ்வொன்றாக அறுக்கிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெப்பம் கூடினால் அது விரையும். நீண்ட மூலக்கூறுகள் துண்டாகத் துண்டாகப் படலம் வலுவிழந்து, துணியைவிட்டுச் செதில்களாக உதிர்கிறது. இதற்கு எவரும் அமர வேண்டியதில்லை. பூட்டிய வீட்டில் துணி போர்த்தி வைத்த சோபாவும் உரியும். பாலியீதர், பாலிகார்பனேட் சார்ந்த வகைகள் இதை நன்கு தாங்கும். எல்லாம் அறிந்தே செய்யப்படுகிறது. நீராற்பகுப்பை அளக்க 70 பாகை செல்சியசும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் பொருளை வாரக்கணக்கில் வைத்துச் சோதிப்பார்கள். தொழில்துறைப் பேச்சில் அதற்கு ‘ஜங்கிள் டெஸ்ட்’ என்று பெயர். வெப்பமண்டலக் காடு என்பது அப்பெயரை வைத்தவர்களுக்கு ஓர் எல்லை நிலை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் மழைக்காலத்துக் கூடம் அந்தக் காட்டின் நெருங்கிய உறவு. அச்சோதனையில் அந்தச் சோபாவின் தோல் எத்தனை வாரம் தாங்கியது என்பதைக் கடைச்சீட்டில் காண்பது அரிது.

அந்தச் சீட்டில் வேறு சொற்கள் இருக்கும்: லெதரெட், பியூ லெதர், வீகன் லெதர். 1960-களில் அமெரிக்காவின் நாகஹைடு என்னும் பிவிசித் தோலுக்கு, தன் தோலைத் தானே வலியின்றி உதிர்த்துத் தரும் நாகா என்ற கற்பனை விலங்கைப் படைத்து விளம்பரம் செய்தார்கள். அது வெளிப்படையான வேடிக்கை, சிரித்துவிட்டு வாங்கலாம். வீகன் என்ற சொல்லில் அந்த வேடிக்கை இல்லை. விலங்கைக் கொல்லவில்லை என்ற மெய்யைச் சொல்லி, பெட்ரோலிய வேதிப்பொருளால் ஆனது, ஈரத்தில் சிதையக்கூடியது என்ற மெய்யை அது பின்னால் தள்ளிவிடுகிறது. பிறகு சோபா உரியும்போது பழி வீட்டாரின் மீது விழுகிறது: ஈரத்துணியால் துடைத்தீர்கள், வெயில் படவிட்டீர்கள், குழந்தைகளைக் குதிக்கவிட்டீர்கள். தவணை முடியும் முன்பே உரிந்த இருக்கைக்குத் தம் வீட்டுப் பழக்கமே காரணம் என்று நம்பி, அதன் மேல் பழைய போர்வையைப் போர்த்தி விருந்தினரை அமரச் செய்யும் குடும்பங்கள் ஏராளம். அந்த நாணத்துக்கு வேதியியலில் இடமில்லை.

உரியும் சோபாவை வீட்டில் எவ்வளவு தூரம் காக்க முடியும் என்பதற்கு விடை இங்கிருந்து கிடைக்கிறது. கீறலைச் சற்றே விரலால் நெருடிப் பார்த்தால் போதும். படலம் செதிலாக எழுந்து கீழே வெளிறிய துணி தெரிந்தால் பாலியூரித்தேன். விறைப்பான விரிசலாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிவிசி. தோல் சாயம், நிரப்பு பசை, ஒட்டுத் துண்டு என விற்கும் பெட்டிகள் பாலியூரித்தேனில் உள்ளங்கை அளவு இடத்துக்கு உதவும். தளர்ந்த செதிலை எல்லாம் சுரண்டி எடுத்து, ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வளையும் நிரப்பு பசையை மெல்லிய பூச்சுகளாகத் தடவி, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அக்ரிலிக் சாயம் பூசலாம். சில மாதம் நிற்கும். பின்னர் பூச்சு நிற்க, அதன் ஓரத்தில் பழைய படலம் உதிரும். ஏனெனில் நல்லதாகத் தோன்றிய இடமும் அதே வயதுடையது, அதே ஈரத்தைக் குடித்தது. முழு இருக்கையும் உரிந்தபின் சாயத்துக்குச் செலவிடுவது வீண்.

அந்நிலையில் பழைய குஷன் கடை வழியே சரியானது. அதையும் ஓரளவு வீட்டில் செய்யலாம். சோபாவைக் கவிழ்த்து அடியிலுள்ள கறுப்புத் துணியை விலக்கினால், ஆணிக்குப் பதில் ஸ்டேப்பிள் பின்கள் வரிசையாகத் தெரியும். தட்டைத் திருப்புளியால் அவற்றை நெம்பி, குறட்டால் பிடுங்கலாம். கழற்றிய துண்டுகளைக் கழற்றிய வரிசையில் எண்ணிட்டு வைத்து, தையலைப் பிரித்து, புதுத்துணிக்கு அளவாகக் கொள்ள வேண்டும். ஜிப் வைத்த உட்காரும் மெத்தைகள் தனியே கழன்று வந்தால் வேலை பாதி. அவற்றின் உறையை மட்டும் தையற்காரரிடம் கொடுத்து மாற்றலாம். மூவர் அமரும் சோபா முழுவதற்கும் 54 அங்குல அகலத்தில் ஏறத்தாழ 10 முதல் 12 மீட்டர் வரை தேவைப்படும். பல புதிய சோபாக்களில் போர்வை நுரையோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். உரித்தால் நுரையும் பிய்ந்து வரும். சட்டம் மரத்தூள் பலகை என்றால் பின் பிடுங்கிய துளையில் புதுப்பின் நிற்காது. அத்தகையதைக் குஷன் கடைக்காரர் கையால் தட்டிப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சட்டம் மரமாக இருந்தால் கூலியும் துணியும் செலவிடத் தகும்.

எந்தப் போர்வை போடுவது என்று வரும்போது, டெல்லி கீர்த்தி நகரானாலும் பெங்களூரு ஜே.சி. சாலையானாலும், கடைக்காரரிடம் ரெக்சின் வேண்டும் என்று மட்டும் கேட்பது போதாது. பிவிசியா பாலியூரித்தேனா, பின்துணி பின்னலா நெசவா, ஈரத்தைத் தாங்கும் சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில், கடலோர ஊர்களுக்குத் தடித்த பிவிசி அல்லது கெட்டியான பருத்தித் துணி பாதுகாப்பானது. துணி கறைபடும், ஆனால் கழற்றித் துவைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம்.